கருவிக்கு வந்த கிராக்கி

திருச்செங்கோட்டில் மழையைப் பற்றி இருவகைக் கவலை உண்டு. மழை பொய்த்துவிட்டால் குடியானவருக்குக் கவலை. இரண்டு மூன்று வருஷம் தொடர்ந்து நன்றாகப் பெய்துவிட்டாலோ, ரிக் வண்டி வைத்திருப்பவருக்குக் கவலை. ஆழ்துளைக் கிணறு இறக்கும் இவ்வண்டிகளால் இந்நகரம் தேசமெங்கும் பெயர் பெற்றிருக்கிறது. அர்த்தநாரீசுவரர் மலையின் அடிவாரத்திலிருந்து புறப்படும் வண்டிகள் ஆந்திரம், கர்நாடகம், மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் முதலிய ராஜ்யங்களுக்குச் சென்று, மாதக்கணக்கில் தங்கித் தொழில் செய்கின்றன. கடல் கடந்து ஆப்பிரிக்காவுக்கும் போயிருக்கின்றன. துளையிடுவோர் மட்டுமல்ல, துளையிடும் யந்திரத்தை லாரியின் மேல் பொருத்திக் கட்டித் தருவோரும், உதிரிப் பாகங்களைச் செய்வோரும், கெட்டதைச் செப்பனிடுவோரும் இவ்வட்டாரத்திலேயே இருக்கின்றனர்.

இத்தகைய ஊரில் சமீப காலமாக வேறொரு யந்திரத்தைப் பற்றிய பேச்சும் காதில் விழுகிறது. செமிகண்டக்டர் 'சிப்' செய்வதற்கான யந்திரங்களை உற்பத்தி செய்யும் வெளிநாட்டுக் கம்பெனிகளின் பங்குகளே அப்பேச்சின் பொருள். ரிசர்வ் பாங்கின் விதிப்படி ஒருவர் வருஷம் ஒன்றுக்கு 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். அதைக் கொண்டு அங்குள்ள பங்குகளை வாங்கவும் அனுமதி உண்டு. கைபேசியிலேயே காரியம் முடிந்துவிடுகிறது. நியூயார்க்கில் ஓர் ஆய்வாளர் 'வாங்கலாம்' என்று எழுதினால், அது அன்றிரவே நம்மவர் கைக்கும் வந்து சேருகிறது. வியர்வை சிந்திச் சேர்த்த பணம் அந்த ஒரு சொல்லை நம்பிக் கடல் கடக்கிறது.

பங்கு வாங்குவது தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. உலகில் வளரும் தொழில் எதுவோ அதில் தமக்கும் ஒரு பாகம் வேண்டும் என்று ஒருவர் கருதுவது இயல்பே. ஆனால், ரிக் தொழிலில் பழுத்த அனுபவமுள்ளவர்களும் இவ்விஷயத்தில் தம் சொந்த அறிவை மூட்டை கட்டி வைத்துவிட்டு, முன்பின் தெரியாத ஒருவர் இட்ட மதிப்பெண்ணைக் கேட்டு நடப்பதுதான் நமக்கு வியப்பளிக்கிறது. கருவித் தொழிலின் ஏற்றத்தாழ்வை அறிய வேண்டுமானால், அதை அறிந்த ஜனங்கள் திருச்செங்கோட்டில் இருப்பதுபோல் வேறெங்கும் இருப்பது அரிது. அவர்கள் புதிதாகக் கற்க வேண்டியது அதிகமில்லை. கற்றதை மறவாதிருந்தால் போதும்.

கருவி யாருடையது?

சிப் என்பது மணலிலிருந்து எடுக்கப்படும் சிலிக்கன் என்னும் பொருளாலான மெல்லிய வட்டத் தகட்டின் மேல் எண்ணற்ற நுண்ணிய மின் பாதைகளை அமைத்து, பின் துண்டு துண்டாக நறுக்கி எடுப்பது. கைபேசி, மோட்டார் வண்டி, தொலைக்காட்சி, மின்சார மீட்டர், ஆஸ்பத்திரிக் கருவி ஆகிய எதுவும் இன்று இஃதின்றி இயங்காது. அத்தகட்டின் மேல் ஒளியால் வரைவதற்கு ஒரு யந்திரம், மெல்லிய படலம் பூசுவதற்கு ஒன்று, வேண்டாத பகுதியை அரித்து எடுப்பதற்கு ஒன்று, குறை உண்டா என்று பார்ப்பதற்கு ஒன்று என்று நூற்றுக்கணக்கான படிகளுக்கும் தனித்தனி யந்திரங்கள் வேண்டும்.

இவற்றைச் செய்வோர் உலகில் மிகச் சிலரே. ஹாலந்து தேசத்தின் ஏ.எஸ்.எம்.எல்., அமெரிக்காவின் அப்ளைட் மெடீரியல்ஸ், லாம் ரிசர்ச், கே.எல்.ஏ., ஜப்பானின் டோக்கியோ எலக்ட்ரான் ஆகிய ஐந்தும் முன்வரிசையில் நிற்பவை. மிக நுண்ணிய சிப்களை வரையும் அதிதீவிரப் புற ஊதா ஒளி யந்திரத்தை உலகிலேயே ஏ.எஸ்.எம்.எல். ஒன்றுதான் செய்கிறது. இக்கம்பெனிகள் சிப் விற்பதில்லை. சிப் செய்யும் தைவானின் டி.எஸ்.எம்.சி., கொரியாவின் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், அமெரிக்காவின் இன்டெல், மைக்ரான் முதலியோருக்கு யந்திரம் விற்கின்றன.

குடியானவர் தண்ணீர் தேடுகிறார். அவருக்காக ரிக்காரர் துளையிடுகிறார். ரிக்காரருக்காகப் பட்டறைக்காரர் வண்டி கட்டுகிறார். சிப் தொழிலிலும் வரிசை இதுவே. கைபேசி வாங்குவோர் குடியானவர் இடத்தில் இருக்கின்றனர், சிப் செய்வோர் ரிக்காரர் இடத்தில், ஏ.எஸ்.எம்.எல். முதலியவை ரிக் கட்டும் பட்டறை இடத்தில். மூன்றாமவரது ஆர்டர் முதலாமவரது தேவையிலிருந்து பிறப்பதுதான். ஆனால் அது பிறக்கும் விதம் விபரீதமானது.

கிராக்கியின் கணக்கு

எளிய கணக்கு ஒன்றைப் பார்ப்போம். ஒரு வட்டாரத்தில் 100 ரிக் வண்டிகள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் வருஷத்துக்கு 10 வண்டிகள் தேய்ந்து போய், அவற்றுக்குப் பதில் புதியவை வாங்கப்படுகின்றன. ஆகவே பட்டறைகளுக்குச் சாதாரண வருஷத்தில் 10 வண்டிக்கு ஆர்டர். மழை குறைந்து, கிணறு இறக்கும் வேலை 10 சதவீதம் கூடுகிறது. 110 வண்டிகள் வேண்டும். தேய்ந்தவற்றுக்கு 10, புதிய வேலைக்கு 10. ஆக ஆர்டர் 20. கிணற்று வேலை பத்தில் ஒரு பங்குதான் கூடிற்று. பட்டறையின் ஆர்டரோ இருமடங்காயிற்று.

மறு வருஷம் வேலை கூடவுமில்லை, குறையவுமில்லை. அதே உயரத்தில் நிற்கிறது. ரிக்காரருக்கு மனக்குறை ஒன்றுமில்லை. பட்டறைக்காரருக்கோ தேய்ந்த 11 வண்டிக்கு மட்டுமே ஆர்டர் வரும். போன வருஷத்து 20 இந்த வருஷம் 11 ஆகிவிடும். அதற்கும் அடுத்த வருஷம் வேலை 10 சதவீதம் குறைந்தால், இருக்கும் வண்டிகளே போதும். தேய்ந்ததற்குப் பதில்கூட எவரும் வாங்கார். பட்டறையில் சுத்தியல் ஓசையே கேளாது. ஆக, கருவி செய்பவர் வாழ்வதற்குத் தேவை இருந்தால் மட்டும் போதாது. தேவை வளர்ந்துகொண்டே இருக்க வேண்டும். 1917-ல் ஜான் மாரிஸ் கிளார்க் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இதனை ஒரு விதியாக விளக்கினார். அவர் பெயரைக் கேளாத நம் பட்டறைக்காரர்களுக்கும் இந்த விதி அனுபவத்தில் தெரியும்.

உலகச் சிப் தொழிலின் கணக்கு இதற்குச் சாட்சி. 2008-ல் உலகில் விற்ற சிப்களின் மதிப்பு 24,860 கோடி டாலர். பொருளாதார மந்தம் வந்த 2009-ல் 22,630 கோடி டாலர். வீழ்ச்சி 9 சதவீதமே. அதே காலத்தில் சிப் செய்யும் யந்திரங்களின் விற்பனை 2,952 கோடி டாலரிலிருந்து 1,592 கோடி டாலருக்கு இறங்கிற்று. வீழ்ச்சி 46 சதவீதம். மறு வருஷம் மந்தம் நீங்கியது. 2010-ல் சிப் விற்பனை சுமார் 32 சதவீதம் உயர்ந்தது. யந்திர விற்பனையோ முந்திய வருஷத்தைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்காயிற்று. சிப் தொழில் ஓர் அடி ஏறினால் கருவித் தொழில் பல அடி ஏறுகிறது, இறங்கும்போதும் அவ்வாறே.

இதற்கு மேல் இன்னொரு மயக்கமும் உண்டு. வறட்சிக் காலத்தில் ரிக் கிடைப்பது அரிதாகும்போது, ஒரே குடியானவர் மூன்று ஏஜெண்டுகளிடம் சொல்லி வைப்பார். எவருடைய வண்டி முந்தி வருகிறதோ அதற்கு வேலை. மற்ற இருவர் குறித்து வைத்த வேலை காற்றோடு போய்விடும். மூன்று குறிப்பையும் மூன்று கிணறாக எண்ணிப் புது வண்டி வாங்கியவர் பிறகு தவணை கட்டத் திண்டாடுவார். சிப் தொழிலிலும் பஞ்ச காலத்தில் இதே கதை. 2021-ல் சிப் கிடைக்காமல் உலகெங்கும் மோட்டார் தொழிற்சாலைகள் தவித்தன; அவ்வருஷம் செப்டம்பரில் மாருதி கம்பெனியின் உற்பத்தி வழக்கமானதில் சுமார் 40 சதவீதமாகக் குறையும் என்று அக்கம்பெனியே அறிவித்தது. தட்டுப்பாட்டுக்கு அஞ்சிய வாடிக்கைக்காரர்கள் தேவைக்கு மேல் ஆர்டர் கொடுத்துச் சரக்கைக் குவித்தனர். பின்னர் குவித்ததைச் செலவழிக்கத் தொடங்கியபோது புது ஆர்டர் நின்றது. 2022-ல் 57,410 கோடி டாலராக இருந்த உலகச் சிப் விற்பனை 2023-ல் 52,680 கோடி டாலருக்கு இறங்கிற்று.

மதிப்பீடு எவ்வாறு பிறக்கிறது?

இவ்வளவு ஆட்டங்காணும் தொழிலின் பங்குக்கு ஆய்வாளர் எவ்வாறு மதிப்பிடுகிறார்? அதை அறியுமுன் நம்மூர் மதிப்பீடு ஒன்றை நினைத்துப் பார்ப்போம். திருச்செங்கோடு வேளாண்மை உற்பத்தியாளர் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் மஞ்சள் ஏலம் நடைபெறுகிறது. விரலி, கிழங்கு, பனங்காலி என்று ரகம் பிரிக்கிறார்கள். வியாபாரி மஞ்சளைக் கையில் எடுத்து, ஒடித்து, உள்நிறம் பார்த்து விலை கூறுகிறார். சரக்கு கண்முன்னே இருக்கிறது. தவறினாலும் சிறிதளவே தவறும்.

பங்கு ஆய்வாளர் எதிரில் சரக்கு இல்லை. அவர் மதிப்பிடுவது இனி வரப்போகும் லாபத்தை. அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் அக்கம்பெனி பங்கு ஒன்றுக்கு எவ்வளவு லாபம் ஈட்டும் என்று ஊகித்து, அந்த லாபத்தைப் போல எத்தனை மடங்கு விலை தரலாம் என்று மற்றோர் ஊகம் செய்து, இரண்டையும் பெருக்குகிறார். வருவதற்கு 'இலக்கு விலை' என்று பெயர். இலக்கு விலை சந்தை விலைக்கு வெகு மேலே இருந்தால் 'வாங்கலாம்'; அருகில் இருந்தால் 'வைத்திருக்கலாம்'; கீழே இருந்தால் 'விற்றுவிடலாம்'.

இப்பெருக்கலில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. கிராக்கி பெருகும் காலத்தில் லாபம் பற்றிய ஊகமும் உயர்கிறது. உற்சாகத்தினால் மடங்கு பற்றிய ஊகமும் உயர்கிறது. ஒரே நல்ல செய்தி இருமுறை கணக்கில் ஏறிவிடுகிறது. மந்தத்தில் லாபமும் மடங்கும் சேர்ந்தே சுருங்குகின்றன. ஒரே கெட்ட செய்தி இருமுறை கழிக்கப்படுகிறது. கருவித் தொழில் தானாகவே ஊஞ்சல். மதிப்பீடு அதைப் பின்னாலிருந்து தள்ளிவிடுகிறது.

மடங்குக் கணக்கு மற்றொரு வகையிலும் ஏமாற்றும். உதாரணமாக, ஒரு கோடி ரூபாய் பெறும் ரிக் வண்டி வறட்சி வருஷத்தில் செலவு போக 20 லட்சம் ஈட்டுகிறது என்று கொள்வோம். விலை ஐந்து வருஷ லாபத்துக்குச் சமம். வெளியூரார் 'மலிவு' என்பார். நல்ல மழை பெய்த வருஷத்தில் அதே வண்டி 5 லட்சமே ஈட்டுகிறது. விலை இருபது வருஷ லாபம். 'மிகவும் அதிகம்' என்பார். உள்ளூராருக்கோ உண்மை தலைகீழ் என்று தெரியும். வறட்சியின் உச்சத்தில் எல்லோரும் போட்டியிட்டு வாங்கும்போது வண்டி எடுத்தவர் சிரமப்பட்டார். மழைக்காலத்து மந்தத்தில் பேரம் பேசி வாங்கிக் காத்திருந்தவர் பிழைத்தார். 2016-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்ட காலம் பலருக்கு நினைவிருக்கும். அத்தகைய வருஷத்து வருமானத்தை நிரந்தர வருமானமாக எண்ணிக் கணக்கிடுபவரை நம்மூரில் எவரும் புத்திசாலி என்று சொல்லார். கடல் கடந்த கம்பெனியின் உச்ச வருஷத்து லாபத்தை மட்டும் நாம் ஏன் நிரந்தரம் என்று எண்ண வேண்டும்?

ஒரு நாள் வீழ்ச்சி

2024-ம் வருஷம் அக்டோபர் 15-ந் தேதி நடந்ததை இங்கே சொல்லவேண்டும். மறுநாள் வெளிவர வேண்டிய ஏ.எஸ்.எம்.எல். கம்பெனியின் மூன்று மாதக் கணக்கு, தவறுதலாக அன்றே வெளியாகிவிட்டது. விற்பனை சுமார் 750 கோடி யூரோ. அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் அந்த மூன்று மாதத்தில் வந்த புதிய ஆர்டர் 260 கோடி யூரோ மட்டுமே. ஆய்வாளர்கள் எதிர்பார்த்ததோ 500 கோடிக்கு மேல். 2025-ம் வருஷ விற்பனை 3,000 முதல் 4,000 கோடி யூரோ வரை இருக்கலாம் என்று முன்பு கூறியிருந்த கம்பெனி, அதன் மேல் எல்லையை 3,500 கோடியாகக் குறைத்துக்கொண்டது. அன்று ஒரே நாளில் பங்கின் விலை சுமார் 16 சதவீதம் சரிந்தது.

யந்திரம் கெட்டுப் போகவில்லை, போட்டிக்காரர் எவரும் முளைக்கவில்லை, விற்பனையும் குறையவில்லை. வீழ்ந்தது எதிர்பார்ப்பு ஒன்றே. அடுத்து நடந்ததையும் பார்க்க வேண்டும். 2025 ஜனவரி 27-ந் தேதி, சீனாவின் டீப்சீக் என்னும் செயற்கை அறிவு நிரல் குறைந்த செலவில் தயாராயிற்று என்ற செய்தியால், இனி இவ்வளவு சிப் வேண்டாமோ என்ற அச்சம் பரவி, என்விடியா கம்பெனியின் பங்கு 17 சதவீதம் வீழ்ந்தது. கருவிக் கம்பெனிகளின் பங்குகளும் கூடவே சரிந்தன. அதற்கு இரண்டு நாள் கழித்து ஏ.எஸ்.எம்.எல். தன் அடுத்த மூன்று மாதக் கணக்கை வெளியிட்டது. புதிய ஆர்டர் 709 கோடி யூரோ! முந்திய மூன்று மாதத்தைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். வாங்குவோர் சிலராகவும், ஒவ்வொரு யந்திரத்தின் விலையும் பல கோடி யூரோவாகவும் இருக்கும் தொழிலில் ஆர்டர் சீராக வருவதில்லை. மூன்று மாதக் கணக்கைக் கண்டு மூன்று வருஷத்தைத் தீர்மானிப்பது, ஒரு மாத மழையைக் கண்டு ஏரி நிறைந்துவிட்டது என்பதற்கு ஒப்பாகும்.

மதிப்பிடுவோர் யார்?

ஆய்வாளர்கள் அனைவரும் பொய்யர் என்று கூறுவது நியாயமன்று. அவர்களுள் யந்திர நுட்பத்தை ஆழ்ந்து அறிந்தவர்களும், தொழிற்சாலை தோறும் சென்று விசாரிப்பவர்களும் உளர். ஆனால் அவர்கள் யாரிடம் சம்பளம் பெறுகிறார்கள் என்பதை மறந்துவிடலாகாது. பங்குத் தரகு செய்யும் கம்பெனிகளும், பெரிய தொழில்களுக்கு மூலதனம் திரட்டித் தரும் பாங்குகளுமே பெரும்பாலும் அவர்களது எஜமானர்கள். 'வாங்கலாம்' என்றால் தரகுக்கு எல்லோரும் வரலாம். 'விற்றுவிடலாம்' என்றால் ஏற்கெனவே வைத்திருப்பவர் மட்டுமே வருவார். அந்தக் கம்பெனியின் மனமும் கசக்கும். ஆதலால் விற்கச் சொல்லும் மதிப்பீடுகள் எக்காலத்திலும் மிகக் குறைவாகவே இருக்கின்றன.

இது வெறும் சந்தேகமன்று. இணையக் கம்பெனிகளின் பங்குகள் 2000-ல் உச்சிக்குப் போய் உடைந்த பிறகு, அமெரிக்காவில் விசாரணை நடந்தது. தனிப்பட்ட கடிதத்தில் ஒரு பங்கை இகழ்ந்துவிட்டு, பகிரங்க அறிக்கையில் அதையே வாங்கும்படி எழுதியவர்கள் இருந்தமை வெளிப்பட்டது. 2003-ல் அந்நாட்டின் பத்துப் பெரிய பங்குச்சந்தைக் கம்பெனிகள் சுமார் 140 கோடி டாலர் செலுத்தி வழக்கைச் சமரசம் செய்துகொண்டன. நம் தேசத்திலும் 'செபி' 2014-ல் ஆய்வாளர்களுக்கென விதிகளை இயற்றிற்று. ஆய்வாளர் பதிவு பெற்றிருக்க வேண்டும். தாம் எழுதும் பங்கில் தமக்கு உள்ள சம்பந்தத்தை வெளியிட வேண்டும். அறிக்கைக்கு முன் முப்பது நாளும் பின் ஐந்து நாளும் அப்பங்கில் வியாபாரம் செய்யலாகாது. பதிவு பெறாமல் கைபேசிக் குழுக்களில் 'இதை வாங்கு' என்று சொல்பவர் இந்த விதிகளையெல்லாம் மீறியே பேசுகிறார் என்பதை நம்மவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

ஆய்வாளரின் அறிக்கையில் பயனுள்ளது அதன் உடலே, தலைப்பு அன்று. எத்தனை ஆர்டர் வந்தது, யார் கொடுத்தார், எந்தத் தொழிற்சாலை தள்ளிப் போடப்பட்டது என்பனவெல்லாம் உள்ளே இருக்கும். அவற்றைப் படிப்பவர் லாபமடைகிறார். மேலே உள்ள ஒரு சொல்லை மட்டும் படிப்பவரோ, பிறருடைய அவசரத்தை விலை கொடுத்து வாங்குகிறார்.

சர்க்காரின் கை

மேற்சொன்ன விதியும் எல்லா வருஷமும் ஒரேமாதிரி நடப்பதில்லை. 2023-ல் சிப் விற்பனை 8 சதவீதம் குறைந்தபோது கருவி விற்பனை பாதியாக வீழ்ந்திருக்க வேண்டும் என்று தோன்றும். வீழவில்லை, 1 சதவீதத்துக்குச் சற்று அதிகமாகவே குறைந்து 10,630 கோடி டாலரில் நின்றது. காரணம் என்ன? 2022 அக்டோபர் 7-ந் தேதி அமெரிக்க சர்க்கார், உயர்ந்த ரக சிப்களையும் அவற்றைச் செய்யும் கருவிகளையும் சீனாவுக்கு விற்பதற்குக் கடுமையான தடைகளை விதித்தது. 2023-ல் ஜப்பானும் ஹாலந்தும் தத்தம் கருவி ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தன. கதவு முழுவதும் மூடுவதற்குள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சீனா விரைந்தது. 2024-ல் உலகம் வாங்கிய 11,710 கோடி டாலர் கருவிகளில் 4,955 கோடி சீனாவுக்கே சென்றது. அவ்வருஷத்தின் இரண்டாவது மூன்று மாதத்தில் ஏ.எஸ்.எம்.எல். விற்ற யந்திரங்களின் மதிப்பில் 49 சதவீதம் சீனாவினுடையது.

அச்சத்தினால் பிறந்த ஆர்டர் வளர்ச்சியினால் பிறந்த ஆர்டர் ஆகாது. நாளை வாங்க வேண்டியதை இன்று வாங்கினால், நாளைக்கு ஆர்டர் இராது. இவ்வாறு ஒரு சர்க்காரின் கையெழுத்தினால் கூடவும் குறையவும் செய்யும் விற்பனையை எந்த ஆய்வாளரின் பெருக்கல் கணக்கும் முன்னறிந்து சொல்ல முடியாது.

இந்நிகழ்ச்சியில் ராஜீய விஷயங்களில் ஈடுபட்ட அன்பர்கள் கவனிக்க வேண்டிய பாடம் ஒன்றும் இருக்கிறது. சிப் செய்யும் தேசத்தைக் கருவி செய்யும் தேசம் நிறுத்தி வைக்க முடிகிறது. பொருளைச் செய்பவரினும் பொருள் செய்யும் கருவியைச் செய்பவரே வலியவர். நம் தேசத்தில் 2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாயில் செமிகண்டக்டர் திட்டம் வகுக்கப்பட்டது. குஜராத்தின் தோலேராவில் டாடா கம்பெனி தைவான் கம்பெனி ஒன்றுடன் சேர்ந்து 91,000 கோடி ரூபாயில் சிப் தொழிற்சாலை அமைக்க 2024-ல் அனுமதி பெற்றது. வரவேற்கத்தக்க முயற்சியே. ஆனால் அதனுள் நிற்கப்போகும் முக்கியமான யந்திரங்களை நாம் வெளிநாட்டாரிடம் வாங்கியே தீரவேண்டும்.

ஆதலால், தமிழ்நாடு சர்க்கார் 2025 மார்ச்சில் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தில், கோயமுத்தூருக்கு அருகே சூலூரிலும் பல்லடத்திலும் செமிகண்டக்டர் கருவி உற்பத்திப் பூங்காக்கள் அமைக்கப்படும் என்று அறிவித்ததை நாம் முக்கியமாகக் கருதுகிறோம். பம்பும் நூற்பு யந்திரமும் செய்து பழகிய கொங்கு நாட்டுக் கைகளுக்கு இது பொருத்தமான துறை. திருச்செங்கோட்டில் ரிக் கட்டும் தொழில் வேரூன்றியதற்கு, துளையிடுபவரும் பட்டறைக்காரரும் ஒரே ஊரில் இருந்ததே பெருங்காரணம் என்று நாம் கருதுகிறோம். பாறையில் பிட் உடைந்தால் அதன் காரணத்தைப் பட்டறைக்காரர் அன்றே அறிந்தார். அடுத்த வண்டியில் திருத்தினார். சிப் கருவித் தொழிலும் அவ்வாறே வளர வேண்டும். ஆனால் பூங்காவைத் திறந்து வைப்பவர்கள் ஒன்றை மறக்கலாகாது. இத்தொழிலில் மந்த வருஷம் வந்தே தீரும். அப்பொழுது கைவிடாது தாங்கும் கடன் வசதியும், தேர்ந்த தொழிலாளரை வீட்டுக்கு அனுப்பாத ஏற்பாடும் இன்றே வேண்டும். நல்ல வருஷத்தில் தொடங்கி மந்த வருஷத்தில் மூடப்படும் பட்டறையால் தேசத்துக்குப் பயனில்லை.

செய்யத்தக்கது

பங்கு வாங்க விரும்புவோருக்கு நாம் கூறுவது இதுவே. மதிப்பீட்டைக் கேட்பதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இவ்வருஷ லாபம் வறட்சி வருஷத்து லாபமா, மழை வருஷத்து லாபமா? ஆர்டர் கொடுத்தவர் வளர்ச்சிக்காக வாங்குகிறாரா, அச்சத்தினால் குவிக்கிறாரா? புது யந்திரம் விற்காத காலத்தில் பழைய யந்திரங்களுக்குப் பழுது பார்ப்பதாலும் உதிரிப் பாகத்தாலும் வரும் வருமானம் எவ்வளவு? மந்தத்திலும் ஆராய்ச்சியை நிறுத்தாத அளவுக்குக் கையில் பணம் இருக்கிறதா? புது வண்டிக்கு ஆர்டர் இல்லாத வருஷத்திலும் பிட்டும் கம்ப்ரஸர் பாகங்களும் விற்றுக்கொண்டிருக்கும் கடையே நிலைத்து நிற்கும் என்பதை ரிக் தொழில் அறிந்தவருக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

கடன் வாங்கி இப்பங்குகளை வாங்குவதை மட்டும் நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். பாதியாகச் சரிந்து பின் இருமடங்காக ஏறக்கூடிய பொருளை, காத்திருக்க வசதியுள்ளவர்தான் வைத்திருக்க இயலும். தவணைக் கெடு உள்ளவர், சரிவின் அடிமட்டத்தில் விற்றுவிட்டு வெளியேற நேரும். வண்டிக்கும் தவணை, பங்குக்கும் கடன் என்று இரண்டு சுமையையும் ஒருசேரத் தூக்குபவரை மழையும் தண்டிக்கும், சந்தையும் தண்டிக்கும்.

எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று உறுதி சொல்லும் நீரோட்டக்காரரை நம் குடியானவர் மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறார். ஆனால் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு எத்தனை அடியில் ஊறிற்று என்று தாமே போய் விசாரித்து, கையில் உள்ள பணம் எத்தனை அடிக்குப் போதும் என்று எண்ணிய பிறகே வண்டியை வரச் சொல்கிறார். பங்கு ஆய்வாளரின் வாக்குக்கும் அவ்வளவு மரியாதை போதும். விசாரணையும் அவ்வளவு வேண்டும்.